பழைய மொரிஸ் மைனருக்கு ரயர் மாத்துறது: கார் காட்டுற குறியைப் பாத்து

எங்கட வீட்டில 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒண்டு நிக்குது, அப்பா மல்லாவி துணுக்காய்ப் பக்கம் ஹயர் ஓடின கார், சண்டையால பெற்றோல் வன்னிக்குள்ள வராத காலத்தில ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ராட் ஆக்கிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினது. அந்த நேரம் ரயர் தெரிஞ்செடுக்கிறது எண்ட கதையே இல்லை, கிடைச்சது ஏறும், வெடிச்ச இடத்துக்கு இன்னொரு பழைய ரயரில துண்டு வெட்டி உள்ளுக்கு வைச்சு, அதுக்கு மேல ரியூப்பைப் போட்டு ஓடுறது. இப்ப கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் கடை நிறைய ரயர் அடுக்கிக் கிடக்கு, ஆனா பிழையான ரயர் ஏறுறது இப்பதான் கூட. போன வருசத்துக்குள்ள மட்டும் நாலு பேர் என்னட்டக் காரைக் கொண்டு வந்து “தம்பி புது ரயர் போட்டாப் பிறகுதான் கார் பழுதாப் போச்சு” எண்டு சொல்லிச்சினம், நாலிலயும் எஞ்சினில ஒரு பிழையும் இல்லை.

அதால உங்கட கார் என்ன செய்யுதோ அதைப் பாத்து இதில உள்ள இடத்துக்குப் போங்கோ. அதுக்கு முதல் நம்பர் விசயம் ஒருக்கா விளங்கவேணும், அது விளங்காமல் மிச்சம் விளங்காது.

ரயரில எழுதியிருக்கிற நம்பர்

மைனர் 1948இல வந்த கார். மற்றக் கார் எல்லாம் 16, 17 அங்குல வீலில உயரமா நிண்ட காலத்தில இதைச் செய்த அலெக் இசிகோனிஸ் 14 அங்குல வீல் வைச்சவர். செய்து முடிக்கிற நேரம் பாத்து கார் ஒடுக்கமாக் கிடக்கெண்டு நடுவால பிளந்து 4 அங்குலம் கூட்டினவர், பொனற்றுக்கு நடுவால தட்டையா ஒரு பட்டை ஓடுது பாருங்கோ, அந்த 4 அங்குலம்தான் அது. கார் அகண்டாலும் றிம் அகலேல்லை. மூண்டு அங்குலம், பிந்தின கார்களில மூண்டரை. இதை மனசில வைச்சிருங்கோ, கீழ சொல்லப்போற பிழையில பாதி இந்த றிம் அகலத்தை மறந்ததால வந்தது.

கொம்பனியால வரேக்க இருந்தது 5.00-14, பிறகு 5.20-14. முதல் நம்பர் ரயரின்ர அகலம் அங்குலத்தில, ரெண்டாவது றிம். இது நைலோன் ரயர், உள்ளுக்கு நூல் குறுக்கும் மறுக்குமா ஓடும். இப்ப கடையில கிடக்கிறது றேடியல், அதில நூல் ஒரு ஓரத்தில இருந்து மற்ற ஓரத்துக்கு நேர வரும், மேல பெல்ற் சுத்தியிருக்கும். நம்பரும் வேற மாதிரி: 155/80 ஆர் 14 எண்டா 155 மில்லிமீற்றர் அகலம், அந்த அகலத்தில நூற்றுக்கு 80 பங்கு பக்கச்சுவரின்ர உயரம், 14 அங்குல றிம். நடுவில 80 இல்லாமல் 155 ஆர் 14 எண்டு மட்டும் இருந்தாலும் கிட்டத்தட்ட அதே உயரம்தான்.

உயரத்தை நீங்களே கணக்குப் பாக்கலாம். 155இல 80 பங்கு 124, மேலயும் கீழயும் ரெண்டு பக்கம் எண்டா 248, 14 அங்குலம் 355.6 மில்லிமீற்றர், கூட்டினா 604. பழைய 5.20 ரயர் 600க்கும் 615க்கும் இடையில நிக்கும், அப்ப 155/80 நல்லாக் கிட்ட வருது. 145/80 போட்டா 588, கொஞ்சம் குள்ளம், ஆனா மூண்டு அங்குல றிம்முக்கு இதுகளில அதுதான் கிட்டப் பொருந்தும். 175/65 போட்டா 583, குள்ளமும் அகலமும் ரெண்டும் பிழை. 175/70 போட்டா உயரம் 600, சரி, ஆனா அகலம் கூட, அந்த ரயருக்கு ஆகக் குறைஞ்சது நாலரை அங்குல றிம் வேணும்.

நான் சொல்லுறது இதுதான்: மூண்டு அங்குல றிம் எண்டா 145, மூண்டரை எண்டா 145 இல்லாட்டி 155, அதுக்கு மேல மைனருக்கு ஏத்தாதேங்கோ. றிம்மை அளக்கிறது ரயர் கழட்டின நேரம், விளிம்புக்கு வெளியால இல்லை, ரயர் உக்காருற உள்பக்கம் சுவருக்குச் சுவர். வெளியால அளந்துபோட்டு நாலு அங்குலம் எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம்.

வேற கார் வைச்சிருக்கிறவைக்கு ரெண்டு வரி. பீற்றில் எண்டா 5.60-15, அதுக்கு 165/80 ஆர் 15 அப்பிடியே பொருந்தும், தலையிடி இல்லை. ஒஸ்ரின் ஏ40 டெவன் 5.00-16, சமசெற் 5.25-16, அந்த ஒடுக்கத்தில 16 அங்குல ரயர் சாதாரண கடையில வராது, பழைய காருக்கெண்டே செய்யிற ரயரை வெளியில இருந்து எடுப்பிக்கவேணும். 16 அங்குலம் எண்டு சொல்லி இப்பத்தைய அகல ரயரைத் தந்தா வாங்காதேங்கோ.

ஸ்ரியறிங் 35, 40 மைலில நடுங்குது, அதுக்குக் கீழயும் மேலயும் நடுக்கம் இல்லை

இது அநேகமா பலன்ஸ். ஆனா பலன்ஸ் பண்ண முதல் வீலை ஜக்கில தூக்கிச் சுத்திப் பாருங்கோ. ஒரு சோக்கட்டியை மட்காட்டில ஊண்டிப் பிடிச்சு ரயரின்ர நடுவுக்கு மெல்லமாக் கிட்டக் கொண்டு போங்கோ. சோக்கு சுத்தி முழுக்கப் பட்டா ரயர் வட்டமா இருக்கு, ஒரு இடத்தில மட்டும் பட்டா அந்த இடம் வீங்கியிருக்கு. பிறகு அதே சோக்கை றிம்மின்ர ஓரத்துக்குப் பிடியுங்கோ, றிம் வளைஞ்சிருந்தா அதில தெரியும். வளைஞ்ச றிம்மில பலன்ஸுக்கு எவ்வளவு ஈயம் அடிச்சாலும் நடுக்கம் போகாது.

கார் கனநாள் ஒரே இடத்தில நிண்டிருந்தா ரயர் நிலத்தில பட்ட இடம் தட்டையாகும். கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கிற காருக்கு இது கட்டாயம் வரும். இருபது முப்பது மைல் ஓடி ரயர் சூடேற நடுக்கம் குறைஞ்சா தட்டைதான், பயமில்லை. குறையேல்லை எண்டா அந்த ரயர் போச்சு. ரெண்டு கிழமைக்கு ஒருக்காவது காரை அரைச் சுத்து உருட்டி விடுங்கோ, மாதக்கணக்கா நிக்கப்போகுதெண்டா அச்சுக்குக் கீழ கல்லு வைச்சுத் தூக்கி விடுங்கோ.

வட்டமும் சரி, பலன்ஸும் சரி, ஆனாலும் ஆடுது

இந்த இடத்தை மேலோட்டமாப் பாத்திட்டுப் போகாதேங்கோ, நிண்டு வாசியுங்கோ, இது ரயர் விசயம் மட்டும் இல்லை.

முன் வீலைத் தூக்கிப்போட்டு ரயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்கோ. ஆட்டம் இருந்தா ஒராளை பிறேக்கை மிதிக்கச் சொல்லிப்போட்டுத் திரும்ப ஆட்டுங்கோ. பிறேக் மிதிச்ச உடன ஆட்டம் நிண்டா அது பெயறிங், இறுக்கலாம் இல்லாட்டி மாத்தலாம். பிறேக் மிதிச்சாலும் ஆடுதெண்டா கிங் பின் (வீல் திரும்புற அச்சு) பக்கம், அதில மைனருக்கு எண்டே ஒரு ஆபத்து இருக்கு. முன் வீலின்ர கீழ் மூட்டு, ட்றனியன் எண்டு சொல்லுறது, அது ஒரு புரியிலதான் நிக்குது. கிறீஸ் இல்லாமல் அந்தப் புரி தேஞ்சா ஒரு நாள் வீல் அப்பிடியே உள்ளுக்கு மடிஞ்சு விழும். நான் கண்ணால கண்டனான், ஒட்டுசுட்டான் றோட்டில ஒரு கார் பள்ளத்தில இறங்கி ஏறேக்க முன் மூலை நிலத்தில குத்திக்கொண்டு நிண்டது, நல்லகாலம் இருபது மைல் வேகம்கூட இல்லை. கைநூலில ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிறீஸ் அடிக்கச் சொல்லி இருக்கு. எங்கட கிறவல் றோட்டுத் தூசுக்கு நான் அதிலயும் பாதியில அடிக்கிறன். கிறீஸ் கண் அடைச்சு, அடிச்ச கிறீஸ் போகாமல் வெளியால வழியும், அதையும் பாருங்கோ, பழசு வெளியில தள்ளிக்கொண்டு வந்தாத்தான் உள்ளுக்குப் போயிருக்கு.

இடமும் வலமும் பிடிச்சு ஆட்டேக்க ஆட்டம் வந்தா ஸ்ரியறிங் றொட் மூட்டு. இவ்வளவையும் செய்துபோட்டு ரயர் வாங்குங்கோ. முன்பக்கம் ஆடுற காருக்குப் புது ரயர் போட்டா ரெண்டாயிரம் மைலில ரயர் ஒரு பக்கம் தேஞ்சு போகும், காசு காத்தில போன மாதிரி.

ஒரு பக்கம் இழுக்குது, இல்லாட்டி றோட்டில அலையுது

முதல்ல காத்தைப் பாருங்கோ, விடியப்பறம் ரயர் குளிராக் கிடக்கேக்க. மத்தியான வெயிலுக்க ஓடிவந்து பாத்தா கூடக் காட்டும், அதைப் பாத்துக் குறைச்சா பிறகு குறைஞ்சு போகும்.

காத்து சரியெண்டா முன் ரெண்டு வீலையும் இடம் வலம் மாத்திப் பூட்டுங்கோ. இழுவையும் பக்கம் மாறினா ரயரில பிழை, மாறேல்லை எண்டா காரில பிழை. இதுக்குக் காசே இல்லை, அரை மணித்தியாலம் காணும்.

அலையுதெண்டா எந்த ரயர் எங்க கிடக்கெண்டு பாருங்கோ. இதில நான் கடுமையாச் சொல்லுவன்: முன்னுக்கு றேடியலும் பின்னுக்கு நைலோனும் போட்டு ஓடவே ஓடாதேங்கோ. முன் ரயர் றோட்டை இறுக்கிப் பிடிக்க பின்பக்கம் பிடி விட்டு வழுக்கும், வளைவில காரின்ர பின்பக்கம் முன்னுக்கு வரப் பாக்கும். மழைக்க ஏ9 றோட்டில அது நடந்தா திருப்பி எடுக்க ஏலாது. ஒரே அச்சில இடப்பக்கம் ஒண்டு வலப்பக்கம் ஒண்டு எண்டு கலக்கிறதும் அப்பிடித்தான். ரெண்டு றேடியல் மட்டும் வாங்கத்தான் காசு இருக்கெண்டா அந்த ரெண்டும் பின்னுக்குப் போகவேணும், முன்னுக்கு நைலோன். ஆனா கொஞ்சம் பொறுத்து நாலையும் சேத்து மாத்துறதுதான் சரி.

நாலும் ஒரே சாதி, காத்தும் சரி, ஆனாலும் அலையுதெண்டா முன் வீல் ரெண்டும் முன்பக்கம் உள்ளுக்குத் திரும்பி நிக்கிற அளவு, ரோ-இன் எண்டு சொல்லுறது. மைனருக்கு முன்பக்கம் 3/32 அங்குலம், அதாவது ரெண்டரை மில்லிமீற்றருக்கும் குறைவாத்தான் உள்ளுக்கு நிக்கவேணும். இப்பத்தைய அலைன்மென்ற் மெசினில இந்தக் காரின்ர பேரே இராது, அதால நம்பரை நீங்கள் எழுதிக் கொண்டுபோய்க் குடுங்கோ.

ரயர் தேய்ஞ்ச விதத்தைப் பாத்து

பழைய ரயரைக் கழட்டி எறிய முதல் ஒரு ஓலைப்பாயில வரிசையா வையுங்கோ, எந்த வீல் எண்டு சோக்கால எழுதி. அப்பா அப்பிடித்தான் செய்வார். நடு தேஞ்சு ஓரம் ரெண்டும் நிண்டா காத்துக் கூட. ஓரம் ரெண்டும் தேஞ்சு நடு நிண்டா காத்துக் குறைவு. ஒரு ஓரம் மட்டும் எண்டா முன்பக்க மூட்டு இல்லாட்டி அலைன்மென்ற். அங்கங்க கிண்ணம் மாதிரிக் குழி விழுந்திருந்தா சொக் அப்சோபரில எண்ணெய் இல்லை, மைனரில அது நெம்புகோல் மாதிரிக் கை வைச்சது, மூடியைத் திறந்து எண்ணெய் விடலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஒண்டு இருக்கு, அது கைக்குத் தெரியும். உள்ளங்கையை ரயருக்கு மேல வைச்சு உள்ளுக்கு இருந்து வெளியாலயும், பிறகு வெளியால இருந்து உள்ளுக்கும் தடவுங்கோ. ஒரு பக்கம் பூனை முதுகைத் தடவின மாதிரி வழுவழுப்பு, திரும்பி வரேக்க வாள்ப்பல்லு மாதிரி விரலில பிடிக்கும். அப்பிடிப் பிடிச்சா வீல் நேர உருளேல்லை, கொஞ்சம் கொஞ்சமா பக்கவாட்டில அரைச்சுக்கொண்டு போகுது. ரயர் ஐநூறு மைல் ஓடினாலே இது கைக்குத் தெரியத் தொடங்கும், கண்ணுக்குத் தெரிய ரெண்டாயிரம் ஆகும். அதால புது ரயர் போட்டு ஒரு மாதத்தில ஒருக்காத் தடவிப் பாருங்கோ.

நடு தேயிறதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேணும், ஏனெண்டா வன்னியில நான் பாத்த மைனர் முக்கால்வாசிக்கு இதுதான் பிழை. நைலோன் ரயர் காத்து அடிச்சா நேர நிமிர்ந்து நிக்கும். றேடியல் சரியான காத்திலயும் கீழ கொஞ்சம் பிதுங்கித்தான் நிக்கும், அதின்ர சுபாவம் அது. பழைய கார் ஓடிப் பழகின ஐயாமார் அதைக் கண்டுபோட்டு “காத்துக் காணாது” எண்டு 38, 40 பிஎஸ்ஐ வரைக்கும் அடிப்பிச்சுப் போடுவினம். பிறகு கார் கல்லுக் கல்லாக் குலுங்கும், நடு தேயும், ஈர றோட்டில பிறேக் பிடியாது. கைநூலில நைலோனுக்கு 22 கிட்ட இருக்கு, றேடியலுக்கு அதிலும் கொஞ்சம் கூட வேணும், நான் முன்னுக்கு 26, பின்னுக்கு ஆக்கள் இருந்தா 28 அடிக்கிறன். கண்ணை நம்பாமல் ஒரு காத்து மானி வாங்கி டாஷ்போட் தட்டில போட்டு வையுங்கோ.

திருப்பேக்க, இல்லாட்டிப் பின்னுக்கு ஆக்கள் ஏறினா, உரசுற சத்தம்

இது எங்கட காருக்கே நடந்தது. ஒரு கடையில 155 இல்லை எண்டு சொல்லி 175/70 போட்டுத் தந்தினம், “ஐயா அகலம் கூடினா நல்லாப் பிடிக்கும்” எண்டு. பாக்க வடிவாத்தான் இருந்தது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு அம்மாவும் சித்தியும் பிள்ளைகளும் பின்னுக்கு, மாங்குளத்தில திரும்பி முல்லைத்தீவு றோட்டில ஏறின கையோட பின்னுக்கு “க்ர்ர்ர்” எண்டு ஒரு சத்தம், ஒவ்வொரு பள்ளத்துக்கும். இறங்கிக் குனிஞ்சு பாத்தா பக்கச்சுவரில விரல் அகலத்துக்கு மினுங்கலா ஒரு வளையம், மட்காட்டின்ர உள்விளிம்பு பெயின்ற் போய் வெள்ளையா. எல்லாரையும் இறக்கி பஸ்ஸில ஏத்திவிட்டுத்தான் நான் காரைத் திருப்பிக் கொண்டு வந்தது.

றிம்மில இருந்து கழட்டின பிறகுதான் மற்றப் பிழை தெரிஞ்சது. மூண்டரை அங்குல றிம்மில 175 ஏறினா ரெண்டு பக்கச்சுவரும் உள்ளுக்கு நெருக்குப்பட்டு ரயர் பலூன் மாதிரி நடு உப்பும், நிலத்தில படுறது நடு மட்டும்தான். அகலம் கூட எண்டு வாங்கின ரயர் உண்மையில 145 ரயரிலும் குறைவா றோட்டில பட்டுக்கொண்டு ஓடினது. திருப்பேக்க சுவர் மடிஞ்சு மடிஞ்சு ஸ்ரியறிங் ஒரு கணம் பிந்தித்தான் கேக்கும்.

உங்களுக்கு உரசுதா எண்டு பாக்க ஈரக்களி கொஞ்சம் உருட்டி மட்காட்டின்ர உள்விளிம்பில நாலு இடத்தில ஒட்டுங்கோ, குளத்துக் களி நல்லா ஒட்டும். பின்னுக்கு மூண்டு பேரை ஏத்தி ஒரு கிறவல் றோட்டில போய்வாங்கோ. களி நசிஞ்சிருந்தா உரசுது. மட்காட்டைச் சுத்தியலால அடிச்சு மடிக்கிற ஆக்கள் இருக்கினம், செய்யாதேங்கோ, அறுபது வருசத் தகரம், மடிச்ச இடத்தால கறள் ஏறும். ரயரை மாத்துங்கோ.

விடிய எழும்பிப் பாத்தா காத்து இறங்கிக் கிடக்கு

வால்வில துப்பல் வைச்சுப் பாருங்கோ முதல்ல. பிறகு வீலைக் கழட்டித் தண்ணித் தொட்டியில தாட்டுங்கோ.

விடத்தல் முள்ளும் ஈச்ச முள்ளும் உள்ளுக்கு ஒடிஞ்சு நிண்டா காத்து ஒரு நாளைக்கு அஞ்சு பிஎஸ்ஐ எண்டு மெல்லமா இறங்கும், வெளியால ஒண்டும் தெரியாது, ரயருக்குள்ள கையை மெல்லமா விட்டுத் தடவிப் பாக்கவேணும். புதுக்குடியிருப்புப் பக்கம் ஓடுற காருக்கு இன்னொண்டும் வரும். போன மாரியில ஒரு ரயரில இருந்து நான் குறட்டால இழுத்து எடுத்தது நகத்தளவு இரும்பு, ஒரு பக்கம் கத்தி மாதிரிக் கூர், மற்றப் பக்கம் கறள் பிடிச்சுப் பொரிஞ்சு கிடந்தது. ஆணி இல்லை, சண்டை நேரத்து ஷெல் துண்டு எண்டு பாத்த உடன தெரிஞ்சது. மழை மண்ணைக் கழுவக் கழுவ அதுகள் இப்பவும் றோட்டு ஓரத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கு. அதால ஓரம் இறக்கி நிப்பாட்டேக்க நல்லாத் தெரிஞ்ச இடமாப் பாத்து நிப்பாட்டுங்கோ, காட்டுக்குள்ள காலை வைக்காதேங்கோ.

முள்ளும் இல்லை, இரும்பும் இல்லை எண்டா ரியூப் இல்லாமல் போட்டிருக்கிறீங்களோ எண்டு பாருங்கோ. இப்ப வாற றேடியல் எல்லாம் ரியூப் இல்லாத ரயர், ஆனா எங்கட றிம் அதுக்குச் செய்த றிம் இல்லை. இப்பத்தைய றிம்மில ரயர் வழுகி உள்ளுக்கு விழாமல் ஒரு மேடு இருக்கும், பழசில இல்லை, ரிவெட் அடிச்ச றிம் எண்டா ரிவெட்டாலயும் காத்துப் போகும். அதால ரியூப் போடுங்கோ, றேடியலுக்கு எண்டு வாற ரியூப்பையே கேட்டு வாங்குங்கோ.

ரியூப் போடேக்க செய்யவேண்டியது ஒண்டு இருக்கு, கடைப் பெடியள் அவசரத்தில விடுறது. ரயருக்குள்ள ஒட்டியிருக்கிற பேப்பர் எல்லாத்தையும் பிரிச்சு எடுங்கோ. விலை எழுதின ஸ்ரிக்கரின்ர ஒரு மூலை ரியூப்பை நாள் முழுக்கத் தேய்ச்சுக்கொண்டே இருக்கும். எங்கட ரியூப் ஒண்டு மூண்டு தரம் ஒட்டினாப் பிறகும் அதே இடத்தில போக, உள்ளுக்குப் பாத்தா அதுக்கு நேர எதிரில சதுரமா ஒரு ஸ்ரிக்கர், ஓரம் கிளம்பி மட்டை மாதிரி விறைச்சு நிக்குது. பிரிச்சு எடுத்து, ஈரத் துணியால துடைச்சு, காயவிட்டு, பிள்ளைக்குப் பூசுற பவுடரை ஒரு கை அள்ளிப்போட்டு ரயரைச் சுத்துங்கோ, வெள்ளைப் புகார் மாதிரி எல்லா இடமும் படியும். ரியூப்புக்கு மேலயும் பூசுங்கோ. கொஞ்சமாக் காத்தடிச்சு உருண்டையாக்கி உள்ளுக்கு விட்டா மடிப்பு விழாது. ரயர் ஓரத்துக்குச் சவுக்காரத் தண்ணி பூசி ஏத்துங்கோ, கிறீஸோ எண்ணெயோ பூசவேண்டாம்.

வால்வு ஓட்டையையும் பாருங்கோ. ஓட்டை பெருசா, வால்வு சின்னனா இருந்தா ஓடேக்க வால்வு சாய்ஞ்சு அடியால கிழியும். றிம்மில கறள் இருந்தா உரஞ்சி பெயின்ற் அடிச்சிட்டுப் போடுங்கோ.

சுவரில வெடிப்பு, பூ (ரயர் நிலத்தில படுற பக்கத்து வெட்டு) நல்லாக் கிடக்கு

எங்கட கார்கள் வருசத்தில ஆயிரம் மைலும் ஓடாது, பூ தேயாது, அதைப் பாத்து ஏமாறாதேங்கோ. றப்பர் வெயிலிலயும் காத்திலயும் தன்ர பாட்டில செத்துக்கொண்டு போகும். சுவரில டி.ஓ.ரி எண்டு தொடங்குற வரிசையில கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கோ, 2319 எண்டா 2019ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. மூண்டு இலக்கம்தான் கிடக்கெண்டா அது 2000க்கு முதல் செய்தது, நிண்ட இடத்திலயே கழட்டுங்கோ. அந்த இலக்கம் அநேகமா ஒரு பக்கச்சுவரில மட்டும் இருக்கும், உள்பக்கமா இருந்தா காருக்குக் கீழ படுத்துத்தான் பாக்கவேணும். பத்து வருசம் தாண்டின ரயரில நான் பிள்ளைகளை ஏத்த மாட்டன், பூ முழுசா இருந்தாலும்.

புது ரயர் வாங்கேக்கயும் இதைத்தான் முதல்ல பாருங்கோ. 14 அங்குல ஒடுக்க ரயர் கனக்க விக்கிறதில்லை, அதால கடையில அஞ்சாறு வருசம் தட்டில கிடந்தது “புதுசு” எண்டு வரும். நாலு ரயருக்கும் தனித்தனியப் பாருங்கோ. மயிர் மாதிரி மெல்லிய வெடிப்பு இருந்தா, ரயரைக் கையால மடிச்சுப் பாத்தா வாய் திறக்கும்.

மண்ணெண்ணெய் பூசி ரயரைக் கறுப்பாக்கிற பழக்கம் எங்கட ஊரில இருக்கு, தயவுசெய்து விடுங்கோ, அது றப்பரைத் தின்னும். சவுக்காரமும் தண்ணியும் காணும். சுவரில ஒரு இடம் கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தா அதுக்கு மருந்து இல்லை, உள்ளுக்கு நூல் அறுந்திட்டுது, அண்டைக்கே மாத்துங்கோ.

மைல்மானி பிழையாக் காட்டுது, ரொப் கியரில இழுவை மாறின மாதிரி இருக்கு

ரயர் குள்ளமெண்டா மானி கூடக் காட்டும். 175/65 போட்ட காரில 40 எண்டு காட்டேக்க உண்மையில 38. எஞ்சின் அதே வேகத்துக்குக் கூடச் சுத்தும், 948 சிசி எஞ்சினுக்கு அது தேவையில்லாத கஸ்ரம். ரயரில ஒரு சோக்குக் கோடும் நிலத்தில ஒரு கோடும் போட்டு, காரை ஒரு முழுச் சுத்து தள்ளி அளங்கோ, 1 மீற்றர் 80க்கும் 90க்கும் இடையில வந்தா ஒரு பிரச்சினையும் இல்லை.

கிறவலில கல்லுமாதிரிக் குலுங்குது

வான் ரயர் போட்டிருப்பியள். 14க்குப் பக்கத்தில “சி” எண்டு ஒரு எழுத்து இருக்கும், 8 பிளை எண்டும் எழுதியிருக்கும். “வன்னி றோட்டுக்கு இதுதான் தாங்கும்” எண்டு கடையில சொல்லுவினம். மைனர் முக்கால் தொன் சொச்சம்தான் நிறை, நாலு பேரும் சாமானும் ஏறினாலும் ஒரு வீலுக்கு 300 கிலோ வராது. ரயரில பாரம் காட்டுற இலக்கம் 75 எண்டாலே 387 கிலோ தாங்கும், 80 எண்டா 450. அதுக்கு மேல வாங்கினா சுவர் விறைப்பு, குலுக்கம் எல்லாம் முன் மூட்டுக்கும் பின் வில்லுத்தகட்டுக்கும்தான் போகும்.

மாரியில வழுக்குது

ஐப்பசி மார்கழியில அக்கராயன் பக்கத்துச் செம்மண்ணிலயும் குளக்கட்டு வழியிலயும் எந்த ரயரும் கொஞ்சம் வழுக்கும், அதில ஒடுக்க ரயர்தான் மண்ணை வெட்டிக்கொண்டு கீழ போய்ப் பிடிக்கும், அகல ரயர் மேல மிதக்கும். தார் றோட்டில வழுக்குதெண்டா பூவைப் பாருங்கோ, தவாளிப்புக்குள்ள குறுக்கா ஒரு சின்ன மேடு இருக்கும், 1.6 மில்லிமீற்றர், அதோட பூ சமமாகினா ரயர் முடிஞ்சுது. நான் மாரிக்கு முதலே 3 மில்லிமீற்றரில மாத்திப்போடுவன். றீபில்ட் பண்ணின (பழைய ரயருக்குப் புதுப் பூ ஒட்டின) ரயரை முன்னுக்குப் போடாதேங்கோ.

எல்லாம் பாத்து வாங்கிப் பூட்டின பிறகு, அஞ்சாவது ரயரை மறந்து போகாதேங்கோ. டிக்கிப் பலகைக்குக் கீழ படுத்துக் கிடக்கிறதை இருபது வருசமா ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டினம், எங்கட காரில அது 5.20 நைலோன், காத்து இல்லை, றிம்மோட ஒட்டிப்போய்க் கிடந்தது. அதுக்கும் மற்ற நாலின்ர சாதியில, அதே அளவில ஒண்டு வாங்குங்கோ. பூட்டின அண்டைக்கு முறிகண்டிப் பிள்ளையாரடி வரைக்கும் மெல்லமா ஓடிப்போய் தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கிக் குடுத்துப் பிள்ளைகளை ஒரு பக்கம் இருத்திப்போட்டு, வீல் தொட்டுப் பாக்கச் சூடில்லாமல் ஆறினாப் பிறகு பதினாறு நட்டையும் திருப்பி ஒருக்கா இறுக்குங்கோ, புது பெயின்ற் அடிச்ச றிம்மெண்டா கால் சுத்தாவது கட்டாயம் வரும்.